அவன் ஏறினால் இறங்கும்

என் அண்ணன் டெல்ஃபினோ ஒரு லாரி மணலைத் தள்ளி நின்று பார்த்தே எடை சொல்லிவிடுவார். எஸ்பனோலா ஊருக்கு வடக்கே, ஆற்றோரம் இருக்கிற மணல் குவாரியில் எடைமேடை அவர் பொறுப்பு. லாரி மேடையில் ஏறுவதற்கு முன்பே அவர் வாயில் ஒரு எண் வந்துவிடும். முள்ளும் அங்கேதான் போய் நிற்கும். டிரைவர்கள் பந்தயம் கட்டிப் பார்த்துத் தோற்று, கடைசியில் அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள். அந்தப் பழக்கம் குவாரியோடு நிற்கவில்லை. கடையில் பூசணிக்காயைத் தராசில் வைக்கும் பெண்ணை முந்திக்கொண்டு சொல்லுவார். எங்கள் சித்தி மகள் கல்யாணத்தில் மணப்பெண்ணைப் பார்த்தே சொல்லித் தொலைத்தார். அன்றைக்கு அவர் சிரித்துக்கொண்டு நழுவிவிட்டார், வசவெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டது நான்.

அவருடைய மகன் எலாய் பிறந்தபோது, நர்ஸ் குழந்தையைத் தராசில் கிடத்துமுன் சொன்னார். சரியாக இருந்தது. "உங்க வீட்டுக்காரருக்கு வேற வேலையே இல்லையாம்மா?" என்று அந்த நர்ஸ் ஒஃபீலியா அண்ணியிடம் கேட்டாள். அண்ணிக்குப் பெருமை தாங்கவில்லை.

அப்படிப்பட்ட ஆள் தன் வாழ்நாளில் ஒரே ஒரு எடையைத் தப்பாகச் சொன்னார். அதைத்தான் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன். அழாமல் சொல்லி முடிப்பேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

நான் பெனில்டே. அவருக்கு ஒரே தங்கை. மெயின் ரோட்டில் டயர்க் கடை வைத்திருக்கிறேன். எனக்குப் புருஷனும் இல்லை, பொறுமையும் இல்லை. சின்ன வயதிலிருந்தே அண்ணன் வண்டிக்கடியில் படுத்தால் நானும் பக்கத்தில் படுத்து டார்ச் பிடிப்பேன். "பொம்பளப் பிள்ளைக்கு இதென்ன வேலை" என்று கேட்டவர்களெல்லாம் இன்றைக்கு என் கடையில்தான் டயர் மாற்றுகிறார்கள்.

எங்கள் பக்கத்தில் வண்டியைத் தரையோடு தரையாகத் தாழ்த்தி ஓட்டாதவன் வண்டியே ஓட்டாதவன். உயரத்தை யாரும் டேப் வைத்து அளக்கமாட்டார்கள். சக்கரத்தின் உச்சிக்கும் மட்கார்டு விளிம்புக்கும் நடுவே எத்தனை விரல் படுக்கையாக நுழைகிறது, அவ்வளவுதான் கணக்கு. அண்ணன் இளவட்டமாக இருந்த காலத்தில் அதற்கும் பெரிய வித்தையெல்லாம் கிடையாது. மணலைக் கோணியில் கட்டி டிக்கியில் அடுக்கினால் வண்டி பின்பக்கம் உட்கார்ந்துவிடும். அந்த மணல் மூட்டை வண்டியில்தான் ஞாயிறுதோறும் ஒஃபீலியாவின் வீட்டு முன்னால் ஊர்ந்துகொண்டிருந்தார். நடந்து போகிற கிழவிகள்கூட முந்திக்கொண்டு போவார்கள். ஒருநாள் ஒஃபீலியாவின் அப்பா ரோட்டுக்கு வந்து, "ஏன் தம்பி, வண்டி நின்னுபோச்சா? தள்ளிவிடணுமா?" என்று கேட்டார். அதிலேயே சம்பந்தம் முடிந்தது.

எலாய் அப்பனை மிஞ்சினான். ஆள் நிலைப்படியை அடைத்துக்கொண்டு நிற்பான். வெல்டிங் வேலை. எவனோ பள்ளத்தில் உருட்டிவிட்டுப் போன சின்ன பிக்கப் ஒன்றை இழுத்து வந்து, தட்டி நிமிர்த்தி, மாதுளைச் சிவப்பில் பெயின்ட் அடித்தான். பின்கதவில் தங்க நிறத்தில் 'சோம்பேறி' என்று எழுதினான். அதுதான் வண்டிக்குப் பெயர். எங்கே போனாலும் தரையைத் தொட்டுவிடுகிற மாதிரி, யாருக்கும் அவசரமே இல்லாத மாதிரி போகும்.

அந்த வண்டியின் பின்பக்க உயரத்துக்காக அப்பனும் பிள்ளையும் போட்ட சண்டையை ஊரே அறியும். "ஒரு விரல் இடம் விடுடா. மேடு பள்ளத்துல உரசும்" என்பார் அண்ணன். "விரலே நுழையக் கூடாதுப்பா. நுழைஞ்சா அது காய்கறி வண்டி" என்பான் எலாய். ஒரு விரலுக்காக ஒரு மாதம் பேசாமல் இருந்தார்கள். அந்த மாதம் முழுக்க அண்ணி இரண்டு வேளைச் சமையலை இரண்டு மேசையில் வைத்தாள். கடைசியில் அண்ணன்தான் இறங்கி வந்தார். ஆனாலும் எலாய் பார்க்காத நேரத்தில் மட்கார்டு இடுக்கில் விரலை வைத்துப் பார்த்து, நுழையாததைக் கண்டு தலையை ஆட்டிக்கொண்டே போவார்.

எலாய்க்குக் குடலில் புற்று என்று தெரிந்தபோது அவனுக்கு முப்பத்திரண்டு வயது. பெரிய ஆஸ்பத்திரி, சின்ன ஆஸ்பத்திரி எல்லாம் பார்த்தோம். இதற்குமேல் செய்ய ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அறுவடை முடிந்து மிளகாய்ச் சரம் கட்டுகிற நாளில் படுக்கையில் விழுந்தவன், பனி உருகுகிறவரை கிடந்தான்.

அண்ணி அவனை யாரையும் தொடவிடவில்லை. துடைப்பது, துணி மாற்றுவது, ஊட்டுவது எல்லாம் அவள் ஒருத்திதான். நாங்கள் போகும்போது கழுத்துவரை இரண்டு கம்பளி போர்த்தி, தலையணையில் சாய்த்து வைத்திருப்பாள். கொடுத்த மருந்தில் அவன் முகம் மட்டும் உப்பி, வட்டமாக, கன்னம் மினுமினுவென்று இருந்தது. முன்பைவிடப் பருத்துவிட்டான் என்றுகூடத் தோன்றும். அண்ணன் வாசற்படியிலேயே நின்று பேசுவார். கட்டிலருகே போகமாட்டார். நான் ஒருநாள் கத்திவிட்டேன். "உள்ள போய் அவன் கையப் பிடிச்சாத்தான் என்ன? உனக்கு அது ஒட்டிக்கவா போகுது?" அவர் திரும்பிக் கொட்டகைக்குப் போய்விட்டார். அன்றைக்குச் சாப்பிடவும் இல்லை.

கடைசி வாரத்தில் ஒருநாள் எலாயே அவரைக் கூப்பிட்டான். நானும் இருந்தேன்.

"அப்பா, எனக்கு அந்தக் கறுப்பு நீள வண்டியெல்லாம் வேணாம். என் சோம்பேறிலயே கொண்டு போ."

"சரிடா."

"ஆனா ஒண்ணு. பின்பக்கம் தூக்கிக்கிட்டு நிக்கக் கூடாது. முட்டைக்கோஸ் ஏத்துற வண்டி மாதிரி என்னைக் கொண்டு போனேன்னு வெச்சுக்க, பெட்டிலருந்து எழுந்து வந்துருவேன்."

"அப்பன்னா தூக்கியே வெக்கிறேன், எழுந்து வா" என்றார் அண்ணன்.

எலாய் சிரித்தான். அந்த உப்பின முகத்தில் சிரிப்பு பரவச் சிரமப்பட்டது. "விளையாடாதப்பா. விரலே நுழையக் கூடாது. சத்தியம் பண்ணு."

அண்ணன் வாசற்படியிலிருந்தே சத்தியம் செய்தார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது எலாய் போய்விட்டான். அழுது முடித்தோமா என்று கேட்டால் இல்லை. ஆனால் அண்ணன் மத்தியானமே கொட்டகைக்குப் போய் ஜாக்கியை உருட்டி வந்துவிட்டார். புதன்கிழமை அடக்கம். அதற்குள் வண்டி தயாராக வேண்டும்.

அதில் ஒரு சிக்கல் இருந்தது. எலாய் தாழ்த்தியிருந்த தாழ்வில் பின்னால் இரண்டு பேர் ஏறினாலே அச்சு மேலே சட்டத்தில் போய் இடிக்கும். பெட்டியையும் ஏற்றிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போகிற வழியில் ஓடையைத் தாண்ட முடியாது. வண்டி நடு ஓடையில் வயிறு தட்டி நின்றுவிடும். அப்படி நின்றால் அதைவிடக் கேவலம் வேறில்லை. உயர்த்தி வைத்தால் ஓடையைத் தாண்டும், ஆனால் சத்தியம் போய்விடும். ஆக, சும்மா நிற்கும்போது தூக்கி நிற்க வேண்டும், எலாயை ஏற்றியதும் விரல் நுழையாத அளவுக்கு இறங்க வேண்டும். அவன் எடைக்கென்றே பின்பக்கக் கமானை, வண்டியைத் தாங்குகிற அந்த வில் பட்டைகளை, திரும்பக் கட்ட வேண்டும்.

மெலக்கியாஸ் வந்தான். எங்கள் ஊர் வண்டிக்காரர் சங்கத்தின் தலைவன், தச்சன், எலாயின் பள்ளித் தோழன், வயிறு அவனுக்கு முன்னால் நடந்து வரும். சவப்பெட்டியை அவனே பைன் மரத்தில் செய்து கொண்டுவந்திருந்தான். வண்டிக்கடியில் குனிந்து பார்த்துவிட்டு, "மாமா, எதுக்கு இவ்வளவு பாடு? எங்கிட்ட காத்துப் பை இருக்கு. மாட்டிவிட்டா பட்டனத் தட்டினா ஏறும், தட்டினா இறங்கும்" என்றான்.

"பட்டனத் தட்டித் தாழுறதெல்லாம் ஒரு தாழ்வாடா? அவன் காதுல விழுந்தா உன்னை வீட்டுக்குள்ளயே விடமாட்டான்."

"அவன் காதுல இனிமே என்ன மாமா விழப்போகுது" என்று சொல்லிவிட்டு மெலக்கியாஸ் உடனே வாயைப் பொத்திக்கொண்டான். கண் கலங்கிவிட்டது அவனுக்கு. அண்ணன் அவன் தோளில் ஸ்பேனரால் மெல்லத் தட்டிவிட்டு வண்டிக்கடியில் போனார்.

நானும் பக்கத்தில் படுத்து டார்ச் பிடித்தேன். அச்சுக்கும் கமான் பட்டைக்கும் நடுவே எலாய் சொருகியிருந்த இரும்புக் கட்டை நல்ல தடிமன். கட்டை தடிக்கத் தடிக்க வண்டி தாழும். அதைக் கழற்றி மெலிந்த கட்டையை வைத்தோம். பக்கத்துக்கு ஒரு பட்டை கூட்டினோம். எல்லாவற்றையும் இறுக்கிப் பிடித்திருந்த யூ போல்ட் துருவில் கடித்துக்கொண்டு வரவில்லை. எலாய் வெல்டிங் பற்று வைத்த இடத்தை அண்ணன் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார். "பாரேன், எவ்வளவு சுத்தமா வெச்சிருக்கான்" என்றார். அப்புறம் அதை அறுத்தெடுக்க வேண்டியிருந்தது. அறுக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார், பொறி கண்ணில் படாமலிருக்க என்று சொன்னார்.

திங்கள் சாயங்காலம் வண்டியைத் தரையில் இறக்கினோம். பின்பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. மட்கார்டு இடுக்கில் நாலு விரல் தாராளமாக நுழைந்தது. காற்று வேறு மண்ணை வாரி அடித்தது. அசல் காய்கறி வண்டி.

"அவன் ஏறினா இறங்கும்" என்றார் அண்ணன்.

காலிப் பெட்டியை ஏற்றினோம். ஒரு விரல் இறங்கியது. மூன்று விரல் மிச்சம்.

"நான் வேணா பெட்டிக்குள்ள படுத்துக்கட்டுமா மாமா? எலாய் சைஸ்தானே நானும்?" என்றான் மெலக்கியாஸ்.

"நீ அவனவிட ஒரு மூட்டை ஜாஸ்திடா. போய் மணல் மூட்டைய எடுத்துட்டு வா."

குவாரியிலிருந்து கொண்டுவந்த மணல் மூட்டைகளை அண்ணன் பெட்டிக்குள்ளேயே கிடத்தினார். நீளவாக்கில், ஆள் படுக்கிற மாதிரி. ஒவ்வொன்றையும் வைத்துவிட்டுத் தள்ளி நின்று பார்ப்பார். கடைசியில் ஒன்றில் கொஞ்சம் மணலை அள்ளித் தரையில் கொட்டிவிட்டு, வாயைத் திரும்பக் கட்டினார். "இப்ப சரி. இதான் எலாய்" என்றார்.

"நிச்சயமா சொல்றியா அண்ணே?" என்றேன். எடையைப் பற்றிக் கேட்கவில்லை, வேலை முடிந்ததா என்றுதான் கேட்டேன்.

"என் பிள்ளை எடை எனக்குத் தெரியாதா?"

குனிந்து பார்த்தோம். சக்கரத்தின் உச்சி மட்கார்டுக்குள் ஒளிந்துவிட்டது. விரல் நுழையவில்லை. வண்டி எலாய் ஓட்டிய நாளில் எப்படி நின்றதோ அப்படியே நின்றது. மெலக்கியாஸ் சங்கத்து வழக்கப்படி மட்கார்டில் இரண்டு தட்டுத் தட்டினான். அண்ணன் முகத்தில் அந்த இரண்டு நாளில் முதல் தடவையாக ஒரு தெளிவு வந்தது.

அந்த நேரம் பார்த்து ஒஃபீலியா அண்ணி காபி கொண்டுவந்தாள். வீட்டுக்குள் துக்கம் கேட்க வந்தவர்கள் நிறைந்திருந்தார்கள், அவர்களுக்காகப் பொசோலே என்கிற சோளக் கறிக் குழம்பு கொதிக்கிற வாசனை அவள் கறுப்பு உடுப்பு முழுக்க இருந்தது. திறந்திருந்த பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"இது என்ன?"

"எலாய் எடை" என்றார் அண்ணன். "இதுக்குத்தான் கட்டியிருக்கேன்."

அவள் மேலே இருந்த மூட்டையில் உள்ளங்கையை வைத்தாள். அழுத்திப் பார்த்தாள். பிறகு அண்ணன் முகத்தைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"காபி ஆறிடும். குடிங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். இவ்வளவு பாடுபட்டு வேலை செய்திருக்கிறோம், ஒரு நல்ல வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று எனக்குள் ஒரு பொருமல்.

மூட்டைகளை எடுத்து என் கார் டிக்கியில் போட்டோம், அடக்கம் முடிந்தபின் குவாரியில் கொட்டிவிடலாம் என்று. பெட்டி எலாயை வாங்கப் போயிற்று.

புதன்கிழமை பூசை முடிந்தது. மாதாகோயில் வாசலில் ரோட்டின் இரண்டு பக்கமும் வண்டிகள், சங்கத்தில் ஒருத்தர் பாக்கியில்லாமல் துடைத்து மினுக்கிக் கொண்டுவந்திருந்தார்கள். நடுவே சோம்பேறி, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு. அதைப் பார்த்து நாலு பேர் குசுகுசுவென்றார்கள். வேற்றூர்ப் பையன் ஒருத்தன் "என்னய்யா இது, எலாய் வண்டியா இது?" என்று கேட்டேவிட்டான்.

அண்ணன் திரும்பி, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "அவன் ஏறினா இறங்கும். பாத்துக்கிட்டே இருங்க."

 மெலக்கியாஸோடு ஆறு பேர் பெட்டிக்குக் கைகொடுத்தார்கள். எலாயைத் தூக்குகிறோம் என்று பல்லைக் கடித்து, மூச்சைப் பிடித்து, ஒரே தூக்காகத் தூக்கினார்கள். பெட்டி துள்ளிக்கொண்டு மேலே வந்தது. ஒருத்தன் தடுமாறிப் பின்னால் சாய்ந்தான். மெலக்கியாஸ் முகம் வெளுத்துவிட்டது. அவன் செய்த பெட்டி, அதன் கனம் அவன் கைக்குத் தெரியும். அவன் என்னைப் பார்த்தான். எனக்கு அப்போதும் விளங்கவில்லை.

பெட்டியை வண்டியில் வைத்துத் தள்ளினார்கள். வண்டி கொஞ்சம் இறங்கியது. நின்றுவிட்டது.

நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம், என்னமோ அது இன்னும் யோசித்து இறங்கப்போகிற மாதிரி. அண்ணன் போய் மட்கார்டு இடுக்கில் கையை வைத்தார். இரண்டு விரல் நுழைந்தது. எடுத்துவிட்டு மறுபக்கம் போய் வைத்தார். அங்கேயும் இரண்டு.

"நல்லா உள்ள தள்ளுனீங்களாடா?" என்றார்.

"தள்ளிட்டோம் மாமா."

"ஒழுங்காத் தள்ளுங்கடா!"

பெட்டி போக வேண்டிய இடம்வரை போய்த்தான் இருந்தது. அண்ணன் பின்கதவைப் பிடித்து உடம்பைக் கொடுத்து அழுத்தினார். வண்டி இறங்கியது. கையை எடுத்ததும் எழும்பியது. இன்னொரு தடவை அழுத்தினார். "இறங்கு. இறங்கேன்டி சனியனே" என்று வண்டியைத் திட்டினார். சாமியார் கையில் தீர்த்தச் செம்போடு வேறு பக்கம் பார்த்தார். ஊர் முழுக்க நின்று வேடிக்கை பார்க்கிறது, என் அண்ணன் பைத்தியம் மாதிரி ஒரு வண்டியோடு மல்லுக்கட்டுகிறார். 

"பட்டை எங்கயோ சிக்கியிருக்கு" என்று சொல்லிவிட்டு, போட்டிருந்த கோட்டோடு அப்படியே தரையில் படுத்து வண்டிக்கடியில் போய்விட்டார். பனி உருகின சேறு. நான் என்ன செய்ய? நானும் கறுப்பு உடுப்போடு சேற்றில் படுத்து உள்ளே போனேன். டார்ச் இல்லை. மொபைல் வெளிச்சத்தைக் காட்டினேன்.

அண்ணன் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். யூ போல்ட், கட்டை, பட்டை, கமான் நுனியைப் பிடித்திருக்கிற ஷேக்கிள். எல்லாம் நாங்கள் வைத்தபடியே இருந்தன. எங்களுக்கு நேர் மேலே பலகை. பலகைக்கு மேலே அவன்.

"ஒண்ணும் சிக்கலையே, பெனில்டே" என்றார். குரல் சின்னப் பிள்ளையுடையது போல ஆகிவிட்டது. "எல்லாம் சரியா இருக்கே. அப்புறம் ஏன்?"

சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜோடிக் கறுப்புச் செருப்பு வந்து நின்றது. அண்ணியின் கால்.

"வெளிய வா, டெல்ஃபினோ. வண்டில ஒரு கோளாறும் இல்ல."

"ரெண்டு விரல் நிக்குது, ஒஃபீலியா. கணக்கு தப்பாது. நான்தான் எடை பாத்து..."

"அவன்கிட்ட அவ்வளவுதான் இருந்துச்சு."

அண்ணன் கை ஷேக்கிளில் அப்படியே நின்றது.

"கம்பளிக்குள்ள ஒண்ணுமே இல்ல" என்றாள் அண்ணி. அவள் குரல் ஏறவும் இல்லை, உடையவும் இல்லை. "முகம் மட்டுந்தான் அவன் முகம். கடைசி ஒரு மாசம் நான் ஒத்தக் கையில தூக்கிப் பிடிச்சுக்கிட்டுத்தான் விரிப்ப மாத்தினேன்."

"சொல்லியிருக்கலாமே. மூட்டைய அடுக்கினப்பவே சொல்லியிருக்கலாமே ஒஃபீலியா."

"சொல்லத்தான் வந்தேன். உன் முகத்தப் பாத்தேன். உனக்கு அவன் இன்னும் முழுசா இருந்தான். யாராவது ஒருத்தர்கிட்டயாவது அவன் அப்படி இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

 அந்தச் செருப்பு நகரவில்லை. கிராதகி, இத்தனை மாதம் இதை ஒருத்தியாக நெஞ்சில் வைத்துக்கொண்டு எங்களுக்கெல்லாம் சோறு போட்டிருக்கிறாள். அவளைப் போய்ப் பொருமினேனே.

அண்ணன் மல்லாந்து கிடந்தார். மேலே பலகையைப் பார்த்தார். கையை உயர்த்தி உள்ளங்கையைப் பலகையில் வைத்தார். ஆறு மாதமாகக் கட்டிலருகே போகாத மனிதர்.

"தூக்கித்தான்டா நிக்குது, எலாய்" என்றார். "எழுந்து வர்றேன்னு சொன்னியே."

நான் மொபைலை அணைத்துவிட்டேன். அவர் முகத்தை வெளிச்சத்தில் பார்க்க என்னால் முடியவில்லை. சேற்றில் கிடந்து இரண்டு பேரும் அழுதோம்.  எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு அண்ணன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "மூட்டை உன் கார்லதானே கிடக்கு?" என்று கேட்டார்.

"ஆமா."

"எடுத்துட்டு வரச் சொல்லு. சத்தியம் பண்ணியிருக்கேன்."

மெலக்கியாஸும் மற்றவர்களும் மூட்டைகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்கள். அண்ணன் யார் கையிலும் விடாமல் ஒவ்வொன்றையும் தானே வாங்கினார். வாங்கி, மார்போடு ஒரு கணம் பிடித்து வைத்திருந்துவிட்டு, பெட்டிக்கு இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்றாக இறக்கினார். வண்டி கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்தது. எலாயிடமிருந்து அந்தப் பாழாய்ப்போன நோய் எடுத்துக்கொண்டதையெல்லாம் மணலாகத் திருப்பி வைக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. ஊர் மொத்தமும் பார்த்துக்கொண்டிருந்தது. இவ்வளவா போயிற்று, இவ்வளவா என்று ஒவ்வொரு மூட்டைக்கும் அண்ணி உதடு அசைந்தது.

விரல் நுழையாத இடத்தில் வண்டி வந்து நின்றது, மிஞ்சின மூட்டைகளைக் கீழேயே விட்டுவிட்டார். யாரும் மட்கார்டைத் தட்டவில்லை.

அண்ணன்தான் ஓட்டினார். நானும் அண்ணியும் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்தோம். எலாய் ஓட்டுகிற வேகம், அதாவது வேகமே இல்லாத வேகம். ரோட்டோரம் நின்றவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். பார்க்கிறவர்களுக்கு ஒரு குறையும் தெரிந்திருக்காது. சோம்பேறி அச்சு அசலாகப் பழைய சோம்பேறியாகவே போயிற்று. ஓடையில் இறங்கும்போது அண்ணன் மூச்சைப் பிடித்துக்கொண்டார். கூட்டி வைத்த பட்டை தாங்கியது. இடிக்காமல், உரசாமல் தாண்டியது. "நல்லா கட்டியிருக்கே" என்றேன், என்ன சொல்வதென்று தெரியாமல். 

கல்லறைத் தோட்டத்தில் ஆறு பேரும் இந்தத் தடவை மெதுவாகக் கைகொடுத்தார்கள். இப்போது அவர்களுக்குக் கனம் தெரியும். எல்லோரும் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் பார்க்கவில்லை. பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து மட்கார்டு விளிம்பில் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தார். நானும் அவருக்குப் பக்கத்தில் குந்தினேன்.

பெட்டி வண்டியை விட்டு எழும்பியது. வண்டியும் கொஞ்சம் எழும்பியது. அண்ணன் விரல்களை இடுக்கில் நுழைத்தார்.

"ரெண்டு" என்றார்.

"ஆமாண்ணே."

"காலிப் பெட்டி ஒரு விரல். அன்னிக்கு நாமதானே அளந்தோம்?"

 தலையை ஆட்டினேன்.

அவர் ஒரு விரலை வெளியே எடுத்தார். மற்றதை அங்கேயே விட்டுவிட்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப என் பிள்ளை இவ்வளவுதான்" என்றார்.

குழிக்குள் பெட்டி இறங்குகிற கயிற்றுச் சத்தம் கேட்டது. மண் போட வரச் சொல்லி அண்ணி அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். இரண்டு தடவை கூப்பிட்டாள். அண்ணன் அந்த விரலை எடுக்கவில்லை.